அந்த ரெக்டிஃபையரை எரித்தது நீ இல்லை

அன்பு மகள் மஞ்சுவுக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. ஒரே பெங்களூருக்குள் தொம்மலூருக்கும் வைட்ஃபீல்டுக்கும் நடுவில் கடிதம் எதற்கு, போன் இருக்கிறதே என்று கேட்பாய். போனில் நான் பேசுகிற லட்சணம் உனக்குத் தெரியாததா? "சாப்ட்டியா, மாப்ள நல்லா இருக்காரா" என்று இரண்டு கேள்வி. மூன்றாவது கேள்வி வருவதற்குள் உன் அம்மா கையில் போனைத் திணித்துவிடுவேன். முப்பது வருடம் வெல்டிங் கண்ணாடிக்குப் பின்னால் முகத்தை வைத்துக்கொண்டு வேலை பார்த்தவனுக்கு, நேருக்கு நேர் பேசுவது அவ்வளவாக வரவில்லை. அதனால் உன் அம்மாவின் மளிகைச் சாமான் நோட்டில் நாலைந்து தாளைக் கிழித்துக்கொண்டு பட்டறையிலேயே உட்கார்ந்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உன் அம்மா சொன்னாள். உங்கள் ஆபீசில் கரண்ட் சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும், ஜெனரேட்டர், யுபிஎஸ், பேனல் போர்டு அத்தனையையும் உன் பொறுப்பில் கொடுக்கிறார்களாம். வெள்ளிக்கிழமைக்குள் நீ பதில் சொல்ல வேண்டுமாம். நீ வேண்டாம் என்று சொல்லப்போகிறாயாம். "ஏனாம்?" என்றேன். "அவளுக்குக் கைராசி இல்லியாம். 'நான் தொட்டா எரிஞ்சிடும்மா, அப்பாவோட மெஷின் ஞாபகம் இல்லியா'ன்னு சொல்லிட்டு சிரிக்கிறா" என்று சொல்லிவிட்டு உன் அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சோறு தொண்டையிலேயே நின்றுவிட்டது. புரை ஏறியது என்று நினைத்து அவள் தலையில் தட்டினாள். தட்டிய கைக்கு இன்னும் கொஞ்சம் பலம் இருந்திருக்கலாம், எனக்கு அது தகும்.

மஞ்சு, அந்த மெஷினை எரித்தது நீ இல்லை. நான். ஒன்பது வருடமாக இது எனக்குத் தெரியும். இந்த இரண்டு வரியை எழுதத்தான் இத்தனை தாள் கிழித்தேன். ஆனால் நடந்ததை ஒழுங்காகச் சொல்லாவிட்டால், "அப்பா என்னை சமாதானப்படுத்தறதுக்காகச் சொல்றாரு" என்று நீ இதையும் ஒதுக்கிவிடுவாய். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். உன் அம்மாவும் மாப்பிள்ளையும் இதைப் படிக்க வேண்டும் என்பதால், உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் விளக்கித்தான் எழுதுவேன். கோபித்துக்கொள்ளாதே.

தொண்ணூற்றொன்றில் ஒரு பழைய ஆலையை மூடியபோது ஏலத்தில் அந்த மெஷினை எடுத்தேன். அதுவரை நம் பட்டறையில் கேட்டும் ஜன்னல் கிரில்லும்தான். அதற்குச் சாதாரண வெல்டிங் மெஷின் போதும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடிக் கம்பிகளுக்கு ஆர்டர் வர ஆரம்பித்ததும் அது போதவில்லை. முன்னும் பின்னுமாக ஓடுகிற கரண்டை ஒரே பக்கமாக ஓடவைத்தால்தான் அந்த வேலை நன்றாக வரும். அப்படி ஓடவைப்பதுதான் ரெக்டிஃபையர். அலுமினியத் தகடுகளில் முறுக்கி வைத்த ஆறு டயோடு, அவ்வளவுதான். அந்த ஆறும் சூடாகாமல் இருக்க மெஷினுக்குள்ளேயே ஒரு விசிறி. நம் தெருவில் அந்த மாதிரி மெஷின் வேறு எவனிடமும் கிடையாது என்பதில் எனக்கு இருந்த கர்வம் உனக்குத் தெரியும். உன்னை ஸ்கூலில் சேர்த்ததைவிட அதை டெம்போவில் ஏற்றிவந்த நாளை நான் அதிகம் சொல்லியிருக்கிறேன் என்று உன் அம்மா குத்திக்காட்டுவாள்.

ஏழு வருடம் ஓடிய பிறகு ஒருநாள் எருமை மாதிரி உறுமிவிட்டு மெயின் சுவிட்சைத் தள்ளி அணைத்துவிட்டது. நீ அப்போது எலக்ட்ரிகல் டிப்ளமோ கடைசி வருடம், தசரா லீவில் வீட்டில் இருந்தாய். ரிப்பேருக்கு நசீர் பாய்தான் வர வேண்டும். அவர் கோலாரில் ஏதோ வேலையாகப் போயிருந்தார். "நான் பாக்கறேம்பா" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எந்த வயர் எங்கே போகிறது என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் படம் போட்டாய். ஒவ்வொரு வயருக்கும் பேப்பர் டேப் சுற்றி நம்பர் எழுதினாய். அதற்குப் பிறகுதான் ஸ்பேனரையே கையில் எடுத்தாய். நானாக இருந்தால் முதலில் ஸ்பேனரை எடுத்திருப்பேன், கழற்றி முடித்த பிறகு எது எங்கே இருந்தது என்று என் பட்டறை ஆள் முனிராஜுவைத் திட்டியிருப்பேன்.

எரிந்திருந்த டயோடுகளுக்குப் பதில் புதிது வாங்க மார்க்கெட்டுக்கு நாம் இரண்டு பேரும்தான் போனோம். கடைக்காரர் ஆறையும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். நீ பையிலிருந்து எடுத்துப் பிரித்து, ஒவ்வொன்றையும் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாய். "அண்ணா, ஆறுலயும் அம்பு ஒரே பக்கம் காட்டுது. எனக்கு மூணு இப்படி, மூணு அப்படி வேணும்" என்றாய். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் எல்லாம் தெரிந்தவன்போல மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். இரண்டு வகையும் பார்ப்பதற்கு அச்சு அசல் ஒன்றுதான், உடம்பில் இருக்கும் குட்டி அம்புக்குறி மட்டும்தான் வேறு. அப்படியே ஆறையும் மாட்டியிருந்தால் சுவிட்ச் போட்ட நொடியில் போயிருக்கும். இது நான் அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டது. உன்னிடம் அப்போது சொல்லவில்லை.

மாட்டி முடித்து நீ சுவிட்ச் போட்டதும் முனிராஜு இரண்டு கம்பியைச் சேர்த்து ஒரு வெல்டிங் தையல் போட்டுப் பார்த்தான். "சக்கத்தா இருக்கு மஞ்சு, சூப்பர்!" என்று கத்தினான். நீ மெஷினின் பின்பக்கம் விசிறிக்குக் காற்று போகிற ஜாலியில் ஒரு துண்டுப் பேப்பரை வைத்தாய். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. "பாரு, காத்த உள்ள இழுக்குது. இதுதான் கரெக்ட். போர்டுல வயர எப்ப கழட்டி மாட்டினாலும் இப்படிப் பேப்பர் வெச்சுப் பாத்துடுப்பா. மூணு வயர்ல ரெண்டு எடம் மாறினாலும் வெல்டிங் என்னமோ நல்லாத்தான் வரும். ஃபேன் மட்டும் உல்டாவா சுத்தும். டயோடு வெந்து போயிடும்" என்றாய். சரி சரி என்றேன். எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று கொஞ்சம் எரிச்சலாக இருந்தது, அதற்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது. பெருமையை வெளியே காட்டியிருக்கலாம். எரிச்சலைத்தான் காட்டினேன்.

பத்து நாள் மெஷின் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஆயுத பூஜை வந்தது. நம் பட்டறை வழக்கம் உனக்குத் தெரியும், எல்லா மெஷினையும் கழுவித் துடைத்து, பெயிண்ட் அடித்து, வரிசையாக வைத்து, குங்குமம் சந்தனம் இட்டு, பூசணிக்காய் உடைப்பது. அந்த வருடம் உன் ரெக்டிஃபையர் குஷியில், அந்தப் பெரிய மெஷினை நானே போர்டிலிருந்து கழற்றி முன்பக்கம் தள்ளிக்கொண்டு வந்தேன். நானே பச்சை பெயிண்டும் அடித்தேன். விசிறி எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று கம்பெனிக்காரன் மெஷின் முதுகில் ஒரு அம்பு போட்டிருந்தான். அதன்மேலும் சேர்த்து இரண்டு கோட்டிங் அடித்துவிட்டேன். புதுசு மாதிரி மின்னியது. அம்பு போனதை நான் கவனிக்கக்கூட இல்லை.

மறுநாள் விஜயதசமி. மெஷினை பழைய இடத்துக்குத் தள்ளி, மூன்று வயரையும் நானே போர்டில் மாட்டினேன். மூன்றும் ஒரே கறுப்பு. நான் எதற்கும் அடையாளம் வைக்கவில்லை. பூஜைக்கு மறுநாள் முதல் சுவிட்சை எப்போதும் முனிராஜுதான் போடுவான், அவன் கைராசிக்காரன் என்று நான்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அந்த வருடம் நீ போடு என்றேன். உன் முகம் எப்படி மலர்ந்தது என்று இப்போதும் எனக்குத் தெரியும். சுவிட்சில் கை வைத்துவிட்டு, திரும்பி என்னைக் கேட்டாய். "பேப்பர் வெச்சுப் பாத்தியாப்பா?"

பார்த்துவிட்டேன் என்றேன்.

நான் பார்க்கவில்லை, மஞ்சு. நேரம் இல்லாமல் இல்லை, மறந்தும் போகவில்லை. அத்தனை பேர் பார்க்க, என் பட்டறையில், என் பெண் என்னிடம் கணக்குக் கேட்பதுபோல் இருந்தது. அதனால் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஒரு வார்த்தையை நீ நம்பினாய், நம்பிச் சுவிட்சைப் போட்டாய். பிறகு சாயங்காலம் நாலு மணிக்கு மெஷினிலிருந்து புகை வந்தபோது, விசிறியை அப்பா பார்த்துவிட்டார், அப்படியானால் தப்பு என் வயரிங்கில்தான் என்று முடிவு செய்துகொண்டாய். உன் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அதில் போட்ட என் வார்த்தைதான் பொய்.

அடுத்த நாள் காலை ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்துக்குப் படிக்கட்டுக் கைப்பிடி கொண்டுபோய் மாட்ட வேண்டும், வேலை பாதியில் நிற்கிறது. எனக்குத் தலைக்கு மேலே ஏறிவிட்டது. நீ ஓடிவந்து மூடியைத் திறக்கப் போனாய். உன் கையைத் தட்டிவிட்டேன். "தொடாத! நல்ல நாளும் அதுவுமா பொம்பளப் புள்ள கைய வெச்சா இப்படித்தான் ஆவும். உனக்குக் கைராசி இல்ல, போ வீட்டுக்கு" என்று கத்தினேன். எதிர்க்கடைக்காரர்கூட எட்டிப் பார்த்தார். கையில் இருந்த ஸ்பேனரை அதன் இடத்தில் வைத்துவிட்டுப் போனாய். வீசி எறிந்துவிட்டுப் போயிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறுத்தியிருக்காது.

நசீர் பாய் மூன்று நாள் கழித்து வந்தார். நீ காலேஜுக்குப் போயிருந்தாய். அவர் சுவிட்சைப் போட்டார், ஒரு பீடியைப் பற்றவைத்துப் புகையை ஜாலிப் பக்கம் ஊதினார். புகை அவர் முகத்திலேயே திரும்பி வந்தது. "அரே மேஸ்திரி, ஃபேன் உல்டா சுத்துது. எவன்யா போர்டுல வயர் மாட்டுனது?" என்றார். "நான்தான்" என்றேன். அவர் போர்டில் இரண்டு வயரை இடம் மாற்றி மாட்டிவிட்டு, எரிந்துபோன டயோடுகளையும் மாற்றினார். கிளம்பும்போது, "இத யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க பாய்" என்றேன். பையை எடுத்துக்கொண்டே, "என் வாய்ல வராது. ஆனா உங்க பொண்ணுகிட்ட நீங்க சொல்லணும்" என்றார். சொல்கிறேன் என்றேன். அதுவும் பொய்யாகத்தான் போயிற்று. அன்று சாயங்காலம் நீ, "பாய் இன்னா சொன்னாரு?" என்று கேட்டாய். "டயோடு போச்சுன்னாரு, வேற போட்டுட்டாரு" என்றேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, மொத்தமாகப் பார்த்தால் பச்சைப் பொய்.

முதல் வாரம் வெட்கத்தால் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் இன்னும் மோசம். நீ பட்டறைக்கு வருவதை நிறுத்திவிட்டாய். சாப்பாட்டுக் கேரியரை வாசலிலேயே முனிராஜுவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவாய். அந்த நேரத்தில் உனக்கு வரன் பார்க்க ஆரம்பித்திருந்தோம். பெண் கையில் கிரீஸ் இல்லாமல் இருப்பது நல்லதுதான் என்று எனக்குத் தோன்றியது. என் பொய் எனக்கு வசதியாக அமைந்துவிட்டது. நீ மூன்று மாத கம்ப்யூட்டர் கோர்ஸில் சேர்ந்து, ஆபீஸில் கரண்ட் இல்லை, ஏசி ஓடவில்லை என்கிற புகார்களைக் குறித்துவைக்கிற வேலைக்குப் போனபோது, "நாற்காலி வேலை, ஏசி ரூம்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். போன பொங்கலுக்கு வந்தபோது மாப்பிள்ளை சொன்னார், வீட்டில் ஃப்யூஸ் போனால்கூட நீ கீழ் வீட்டுக்காரரைக் கூப்பிடுகிறாயாம். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூன்று அம்பு இந்தப் பக்கம், மூன்று அம்பு அந்தப் பக்கம் என்று கடைக்காரனை மடக்கியவள் நீ. அன்றைக்கு நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டப்போவதில்லை. நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை உன் காதோடு மட்டும் திருத்தினால் அது இன்னொரு கோழைத்தனம். உன் அம்மாவிடம் இதுவரை எழுதியதைக் காலையிலேயே கொடுத்தேன். படித்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். டீ மட்டும் வந்தது, டம்ளர் வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. முனிராஜு கன்னடக்காரன், தமிழ் படிக்க வராது. உட்காரவைத்து நானே படித்துக் காட்டினேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். "அன்னைக்கே எனக்கு கொத்து, தெரியும் அண்ணா. சுவிட்ச் ஆன் பண்ணினப்ப காத்து என் காலுக்குத்தான் அடிச்சுது, பிசி பிசியா, சூடா. நீங்க ஓனரு. நான் ஹேகே, எப்படிச் சொல்றது?" என்றான். ஆக, இவனுக்கும் தெரிந்திருக்கிறது. என் பட்டறையில் ஒரு மெஷின் தவறாக ஓடுவதைச் சொல்ல ஒருவனுக்குப் பயமாக இருந்திருக்கிறது. அதற்கும் நான்தான் காரணம் என்று உட்கார்ந்து யோசித்தால் தெரிகிறது.

உனக்குப் புத்திமதி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் அப்பனுக்கு வாய் சும்மா இருக்காது. நீ அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டால், உன்னிடம் பத்துப் பேர் வந்து "பாத்துட்டேன் மேடம்" என்பார்கள். அதில் என்னைப்போல் ஒருவன் கண்டிப்பாக இருப்பான். வயதானவனாக, அனுபவக்காரனாக, கேள்வி கேட்டால் முகம் சிவக்கிறவனாக இருப்பான். அவன் மனது கோணுமே என்று பார்க்காதே. நீயே போய்ப் பேப்பரை வை. அதே சமயம், காற்று காலில் அடிக்கிறது என்று சொல்ல வருகிறவன் பயப்படாதபடியும் நடந்துகொள். எனக்கு இந்த இரண்டுமே தெரியாமல் போய்விட்டது. கைராசி என்று ஒன்று உண்டா இல்லையா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எனக்கு அந்தப் பேச்சு எதற்குப் பயன்பட்டது என்பது மட்டும் தெரியும், என் தப்பை உன் கையில் ஒட்டிவிடப் பயன்பட்டது.

வேலைக்குச் சரி என்று சொல் என நான் கேட்கவில்லை. உனக்குப் பிடிக்கவில்லை என்றால், வேலை அதிகம் என்றால், வேறு எந்தக் காரணம் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு. இந்த ஒரு காரணத்தை மட்டும் சொல்லாதே. அது என்னுடையது. எனக்குத் திருப்பிக் கொடுத்துவிடு. என்மேல் கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு. முனிராஜுவையும் எதிர்க்கடைக்காரரையும் கூப்பிட்டு வைக்கிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நசீர் பாய் அன்றைக்கு டயோடுகளை மாற்றியபோது வயரிங்கையும் புதிதாகப் போடச் சொன்னேன், உன் வேலையின் அடையாளமே இருக்கக்கூடாது என்று. அவர் மாட்டேன் என்றுவிட்டார். "இவ்ளோ நீட்டா போட்டத நான் ஏன் பிரிக்கணும்? எனக்கே இப்படி வராது" என்றார். அதை நான் மறந்தே போயிருந்தேன். இன்று முனிராஜு டீ குடிக்கப் போனதும் மெயினை அணைத்துவிட்டு, மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன். தூசியை ஊதினேன். பேப்பர் டேப் சூட்டில் பழுப்பேறியிருக்கிறது, ஆனால் ஒன்றுகூட உரியவில்லை. ஒன்றிலிருந்து கடைசி நம்பர் வரை எல்லாம் உன் கையெழுத்து, நாலை மட்டும் நாற்காலி மாதிரி எழுதுவாயே, அதுகூட அப்படியே இருக்கிறது. ஒன்பது வருடமாக இந்தப் பட்டறை உன் கை போட்ட வயரில்தான் ஓடியிருக்கிறது, மஞ்சு. நாங்கள் சாப்பிட்ட சோறு, உன் கல்யாணம், எல்லாம் அதில் வந்ததுதான்.

மூடியை மாட்டி, மெஷினின் முதுகில் பச்சை பெயிண்டைச் சுரண்டினேன். அடியில் அந்தப் பழைய அம்பு தெரிந்தது. சுவிட்சைப் போட்டு, இந்தக் கடிதத்தின் கடைசித் தாளிலிருந்து ஒரு மூலையைக் கிழித்து ஜாலியில் வைத்தேன். தாளின் மூலை ஏன் இல்லை என்று யோசிக்காதே. அது இப்போது மெஷினில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பேப்பர் வைத்துப் பார்த்துவிட்டேன், அம்மாடி. இந்த முறை நிஜமாகவே பார்த்துவிட்டேன்.

உன் அப்பா